அந்தால்யாவுக்கு மே மாதமா, தீபாவளி விடுமுறையா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். நீங்களும் உங்கள் மனைவியும், எழுபதை நெருங்கும் பெற்றோர் இருவரும், ஆறு வயது மகளும் துருக்கியின் தென்கரையில் இருக்கும் அந்தால்யாவில் ஒரு வாரம் தங்க நினைக்கிறீர்கள். பள்ளி விடுமுறையை ஒட்டித்தான் போக முடியும் என்பதால் மே மாதம், இல்லையென்றால் தீபாவளி சமயம். கைபேசிச் செயலியில் மே மாதச் சராசரிப் பகல் வெப்பம் 26 டிகிரி, அக்டோபரில் 27 டிகிரி என்று பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதானே, டிக்கெட் மலிவாக இருக்கும் மாதத்தில் போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி வெப்பநிலையைப் பற்றியதாகத் தெரிந்தாலும், உங்களுக்குத் தெரிய வேண்டியவை வேறு மூன்று: மகள் கடலில் இறங்கி விளையாட முடியுமா, மழை உங்களை அறைக்குள் அடைத்துவிடுமா, பெற்றோருக்குக் குளிருமா. இந்த மூன்றுக்கும் அந்த 26-உம் 27-உம் விடை சொல்லாது.

நான் வானிலையியல் படித்தவன். படித்த துறையில் நெடுநாள் வேலை பார்க்கவில்லை. மத்தியதரைக்கடல் நாடுகளுக்குத் தென்னிந்தியப் பயணிகளை அழைத்துச் செல்லும் குழுக்களுக்குப் பயணத் திட்டம் வகுப்பதில் பதினான்கு ஆண்டுகள் கழித்தேன். அந்தால்யாவில் ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் தங்கியிருக்கிறேன். கீழே வரும் வெப்பநிலை, மழை அளவுகள் பல ஆண்டுச் சராசரிகள். நீங்கள் போகும் வாரம் அவற்றில் இருந்து விலகவே செய்யும். பெற்றோரின் உடல்நிலை பற்றி நான் எதுவும் சொல்ல முடியாது, அதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காரணத்தை முதலில் சொல்லிவிட்டால் மாதங்கள் எளிதாக விளங்கும். மத்தியதரைக்கடல் கரையோரத்தில் கோடை வறண்டிருக்கும், மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடையில் வெப்பமண்டலத்துக்கு வெளியே இருக்கும் உயர் அழுத்தப் பகுதி வடக்கே நகர்ந்து கடலின் மேல் வந்து நிலைகொள்கிறது. அதன் கீழே காற்று மேலிருந்து இறங்குகிறது, இறங்கும்போது சூடேறி உலர்ந்துபோகிறது, மேகம் திரள்வதில்லை. கிழக்கு மத்தியதரைக்கடலில் இந்த இறக்கம் இத்தனை வலுவாக இருப்பதற்கு நம் நாட்டின் கோடைப் பருவமழையும் ஒரு காரணம் என்று 1996-இல் ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஈரக்காற்று இந்தியாவின் மேல் எழுந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பம், வளிமண்டலத்தில் மேற்கு நோக்கிப் பரவும் ஓர் அலையை எழுப்பி, அங்கே காற்றைக் கீழே அழுத்துகிறது. கேரளத்தில் மழை கொட்டும் ஜூலையில் அந்தால்யாவில் பெரும்பாலும் ஒரு துளிகூட விழாமல் இருப்பதற்கும் நம் மழைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு. நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

செப்டம்பர் கழிந்ததும் அந்த உயர் அழுத்தம் தெற்கே விலகுகிறது. மேற்கில் இருந்து தாழ்வழுத்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்குகின்றன. அப்போது கடல் இன்னும் வெதுவெதுப்பாக இருப்பதால் ஆவிக்குக் குறைவில்லை. ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் டாரஸ் மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது; கடலில் இருந்து வரும் ஈரக்காற்று அதில் முட்டி மேலேறி மழையைக் கொட்டுகிறது. அந்தால்யாவின் ஆண்டு மழை 1,000 மில்லிமீட்டருக்குமேல். மழை ஊர் என்று பெயர் வாங்கிய லண்டனில் ஏறத்தாழ 600-தான். ஆனால் லண்டனில் அது ஆண்டு முழுவதும் தூறலாகக் கசிகிறது; அந்தால்யாவில் பாதிக்குமேல் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி ஆகிய மூன்றே மாதங்களில் இடியும் மின்னலுமாக இறங்கிவிடுகிறது. சென்னைக்காரர்களுக்கு இந்த மழை பழக்கமானது. ஒரு நாளில் கொட்டித் தீர்க்கும், மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அதே நாட்களில் அங்கும் மழைக்காலம் தொடங்குகிறது. காரணம் வேறு, நாட்காட்டி ஒன்று.

இனி கடல். உங்கள் 26-உம் 27-உம் ஏமாற்றுவது இங்கேதான். நிலம் சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறும். கடல் இரண்டையும் மெதுவாகச் செய்யும். அந்தால்யாவில் காற்று மிகக் குளிர்ந்திருப்பது ஜனவரியில்; கடல் மிகக் குளிர்ந்திருப்பது பிப்ரவரி, மார்ச்சில், ஏறத்தாழ 17 டிகிரி. மே மாத நடுவில் வெயில் சுள்ளென்று அடித்தாலும் நீர் 21-ஐத்தான் எட்டியிருக்கும். ஆகஸ்டில் 28, 29 வரை போகும். அக்டோபர் நடுவிலும் 25-க்குக் குறையாமல் தாங்கும். ஆக, பகல் வெப்பம் ஒன்றாகத் தெரியும் இரண்டு மாதங்களுக்கு இடையே கடலில் நான்கு டிகிரி வேறுபாடு. சென்னைக் கரையில் வங்கக்கடல் 26-க்குக் கீழே போவதே அரிது. அந்த நீரில் கால் நனைத்துப் பழகிய குழந்தை 21 டிகிரி நீரில் முழங்கால்வரை இறங்கிவிட்டு அழுதுகொண்டே வெளியே ஓடிவரும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரஷ்யாவில் இருந்தும் ஜெர்மனியில் இருந்தும் வந்தவர்கள் அதே நீரில் மணிக்கணக்கில் கிடப்பார்கள். இணையத்தில் "மே மாதக் கடல் அருமை" என்று எழுதியிருப்பவர் எந்த ஊரில் இருந்து வந்தவர் என்று பார்க்காமல் அந்தச் சொல்லை நம்பாதீர்கள்.

எனவே கடல்தான் நோக்கம் என்றால் இலையுதிர்காலம் மேல். ஆனால் "தீபாவளி சமயம்" என்று நீங்கள் சொல்வது ஒரு மாத அகலமுள்ள சொல். 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2025-இல் அக்டோபர் 20. அந்தால்யாவின் கணக்கில் இந்த இரண்டு தேதிகளும் வேறு வேறு பருவம் போன்றவை. அக்டோபர் 20-ஐ ஒட்டிப் பகலில் 26, 27 டிகிரி, கடலில் 25, மழை பெய்யும் நாட்கள் வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நவம்பர் நடுவில் பகல் 21, 22, கடல் 22, இரவு 11, 12, மழைக்கான வாய்ப்பு கண்கூடாகக் கூடியிருக்கும். பல கடற்கரை விடுதிகள் நவம்பர் தொடக்கத்திலேயே மூடத் தொடங்கிவிடும்; திறந்திருப்பவற்றிலும் வெளிக்குளத்தின் நீர் குளிர்ந்துவிடும். செயலியில் நீங்கள் பார்த்த அக்டோபர்ச் சராசரி, மாதத் தொடக்கத்து 30 டிகிரியையும் கடைசி வாரத்து 25 டிகிரியையும் கலந்து செய்த எண். நீங்கள் போகும் ஆண்டின் தீபாவளி எந்தத் தேதியில் வருகிறது என்பதை முதலில் பாருங்கள். நவம்பரில் வந்தால், கடலுக்காக அந்தால்யா போக வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசியில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும் என்பது ஏறக்குறைய உறுதி. கடலின் வெப்பம் ஓர் ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே ஒன்றிரண்டு டிகிரிக்குமேல் மாறுவதில்லை. மழை அப்படியில்லை. சில ஆண்டுகளில் அக்டோபர் முழுவதும் ஏறத்தாழ வறண்டே கழியும். சில ஆண்டுகளில் ஒரே புயல் மாத மழை முழுவதையும் கொட்டிவிட்டுப் போகும். உங்கள் ஏழு நாட்களில் ஒரு நாள் நனைவதற்கு வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஏழு நாட்களும் நனைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இதைவிடத் துல்லியமாக எந்த வானிலையாளரும் பல மாதங்களுக்கு முன்னால் சொல்ல முடியாது. சொல்பவர் இருந்தால் அவரை நம்ப வேண்டாம். இலையுதிர்காலத்தின் நடுவே வரும் வெயில் நாட்களுக்குத் துருக்கியர்கள் 'பஸ்தர்மா யாஸி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பஸ்தர்மா என்பது மசாலா பூசிக் காயவைக்கும் இறைச்சி. அதைக் காயப்போடுவதற்கு ஏற்ற கோடை என்று பொருள். நவம்பரில்கூட அப்படி நான்கைந்து நாள் வரும். அது உங்கள் வாரத்தில் வருமா என்பதுதான் யாருக்கும் தெரியாது.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பயணத் திட்டத்தைக் குலைப்பது மழையைவிடக் காற்றுதான். தென்மேற்கில் இருந்து வீசும் காற்றை அங்கே 'லோதோஸ்' என்பார்கள். தாழ்வழுத்தம் வருவதற்குமுன் அது வீசும். காற்று கதகதப்பாகவே இருக்கும், வானமும் சில நேரம் தெளிவாக இருக்கும், கடல் மட்டும் கொந்தளிக்கும். ஒரு நவம்பர் நடுவில் 22 பேர் கொண்ட குழுவுக்கு நான்காம் நாள் படகுப் பயணம் என்று நானே திட்டம் போட்டிருந்தேன். முதல் மூன்று நாட்களும் அலையே இல்லாத நீலக்கடல். நான்காம் நாள் காலை லோதோஸ் எழுந்தது. பழைய துறைமுகத்தில் இருந்து ஒரு படகும் கிளம்பவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் இடைவிடாத மின்னலோடு மழை. மறுநாள் காலை வெயில் வந்தபோது, கரையோரக் கடல் ஓடைகள் கொண்டுவந்த மண்ணால் பழுப்பாகியிருந்தது; எதிரே மலை உச்சிகளில் புதிதாக வெண்பனி விழுந்திருந்தது. அதைப் பார்த்துக் குழுவில் எல்லோரும் மகிழ்ந்தார்கள், ஆனால் படகு போனது போனதுதான். அன்று முதல் அக்டோபர், நவம்பர்ப் பயணங்களில் படகையும் மலையேறும் கேபிள் காரையும் முதல் நல்ல நாளிலேயே முடித்துவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அருங்காட்சியகம், கடைவீதி போன்றவற்றைக் கடைசிக்கு வைக்கலாம்.

மே மாதத்தின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மழை அப்போது ஓயத் தொடங்கியிருக்கும். பிற்பகலில் மலைப்பக்கம் இடி கேட்டாலும் கரையில் பெரும்பாலும் வெயில்தான். மலைப்பனி உருகுவதால் தூதென் அருவியும் மானவ்காத் ஆறும் நிறைந்து ஓடும். புல்வெளிகள் இன்னும் காய்ந்திருக்காது. பெர்கே, அஸ்பெந்தோஸ் போன்ற பழைய உரோமானிய நகரங்களில் நடக்க அதைவிட நல்ல மாதம் இல்லை. அங்கே நிழல் குறைவு, ஆகஸ்டில் அந்தக் கற்கள் அடுப்புபோல் கொதிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பகல் நீளம். நம் ஊரில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால் நம்மில் பலருக்கு இது மனத்தில் உறைப்பதில்லை. அந்தால்யாவில் மே கடைசியில் இரவு எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசியில் ஆறு மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடும், காலையில் ஏழு மணிக்குப் பிறகுதான் உதிக்கும். மே கடைசியோடு ஒப்பிட்டால் ஒரு நாளைக்கு மூன்றரை மணி நேர வெளிச்சம் குறைவு. மே மாதத்தைத் தேர்ந்தால் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குள் கடல் 22, 23-ஐத் தொட்டிருக்கும், மகள் அழாமல் இறங்குவாள்.

நீங்கள் கேட்காத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. காலாண்டுத் தேர்வு விடுமுறை பொதுவாகச் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் வருகிறது. அந்த நாட்களில் அந்தால்யாவின் கடல் 27 டிகிரி அளவில் இருக்கும். பகல் 30 டிகிரி. இரவு 19, 20. மழை இன்னும் தொடங்கியிருக்காது, அல்லது ஒரு மாலையில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். பகலும் ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம். ஐரோப்பியப் பள்ளிகள் பல திறந்துவிட்டதால் ஆகஸ்ட் நெரிசலும் இருக்காது. என் பெற்றோரை நான் அழைத்துச் சென்றது அந்த வாரங்களில்தான். பள்ளியில் கூடுதலாக இரண்டு மூன்று நாள் கேட்டு வாங்க முடியுமானால், டிக்கெட் சிறிது கூடுதலானாலும் அதையே எடுங்கள் என்பேன்.

பெற்றோருக்குக் குளிருமா என்ற கேள்விக்கு வருகிறேன். அக்டோபர் கடைசியில் இரவு 15, 16 டிகிரி. ஊட்டிக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது பெரிதில்லை. மதுரை வெயிலிலேயே வாழ்ந்தவர்களுக்கு இது குளிர். பகலில் வெயிலில் நின்றால் சட்டையே அதிகமாகத் தோன்றும், நிழலுக்கு வந்தால் சில்லென்று இருக்கும். காற்றில் ஈரம் குறைவதால் வியர்வை தெரியாது, தாகமும் தெரியாது. வயதானவர்கள் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவார்கள், நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். ஒரு கம்பளிச் சட்டை, காதை மூடும் துணி, மூடிய காலணி போதும். கனமான குளிராடை தேவையில்லை. கெமெர் பக்கம் இருக்கும் தஹ்தாலி மலைக்குக் கேபிள் காரில் ஏறினால் மட்டும் கதை வேறு. உச்சி 2,365 மீட்டர். ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறேழு டிகிரி குறையும் என்ற கணக்கில், கரையில் 25 இருந்தால் மேலே 10, காற்றடித்தால் இன்னும் கீழே இருப்பதுபோல் உறைக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சுருக்கமாக. மழை இல்லை, கடல் இளஞ்சூடு, பகல் 34, 35. "சென்னை மே மாதத்தையே பார்த்தவர்கள் நாங்கள்" என்று துணிய வேண்டாம். சில நாட்களில் காற்று திரும்பி வடக்கே மலைமேல் இருந்து இறங்கும். இறங்கும் காற்று சூடேறும் என்று மேலே சொன்னேனே, அது அப்போது ஊருக்குள்ளேயே நடக்கும். வெப்பம் 40-ஐத் தாண்டும். 45-ஐயும் தாண்டிய நாள் உண்டு. பைன் காடுகள் காய்ந்து கிடக்கும் காலமும் அதுதான். 2021 ஜூலை 28-இல் மானவ்காத்தில் பற்றிய காட்டுத் தீ நாட்கணக்கில் எரிந்தது. மத்தியதரைக்கடல் பகுதி உலகச் சராசரியைவிட வேகமாகச் சூடேறி வருகிறது என்பது அளந்து அறிந்த உண்மை. அதனால் கோடையின் இரண்டு ஓரங்களும் நீண்டு வருகின்றன. குளிர்காலத்தில் வருபவர்களோ ஆரஞ்சு மரங்களையும் வெறிச்சோடிய தெருக்களையும் பார்க்கலாம், ஆனால் 2019 ஜனவரியில் சுழல்காற்று ஒன்று விமான நிலையத்துக்குள்ளேயே வந்து பஸ்களைப் புரட்டிப்போட்ட ஊர் இது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பயண வாரம் நெருங்கும்போது செயலியைப் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். பத்து நாளுக்கு அப்பால் காட்டும் மேகப் படத்தைப் பொருட்படுத்த வேண்டாம். அது பெரும்பாலும் சராசரியின் மறுபதிப்பு. ஐந்து நாளுக்குள் வந்த கணிப்பை ஓரளவு நம்பலாம், மூன்று நாளுக்குள் வந்ததை நன்றாக நம்பலாம். ஒரு நாளுக்கு மழைப் படம் போட்டிருந்தால் மணிவாரியாகப் பாருங்கள். பல நேரம் விடியற்காலை இரண்டு மணி மழைக்காக முழு நாளுக்கும் குடை வரைந்திருப்பார்கள். காற்றின் திசை தெற்கு, தென்மேற்கு என்று வந்து வேகமும் கூடினால், அன்று படகு வேண்டாம், குழந்தையைக் கடலிலும் இறக்க வேண்டாம். துருக்கி அரசின் வானிலைத் துறை நிறங்களில் எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆரஞ்சு நிறம் வந்த நாளில் மலைப்பாதை, ஆற்றோரம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாக, எங்கே தங்குவது என்பதும் வானிலைக் கேள்விதான். கெமெர் பக்கம் மலை கடலை ஒட்டியே எழுகிறது. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் அக்டோபர் கடைசியில் பிற்பகலிலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், கடற்கரை நிழலில் ஆழ்ந்து சில்லிட்டுவிடும். கெமெரிலும் கோன்யால்தியிலும் கரை பெரும்பாலும் கூழாங்கல். சிறு கால்களுக்கு நீரில் போடும் ரப்பர்க் காலணி இல்லாமல் முடியாது. ஊருக்குக் கிழக்கே லாரா, பெலெக், சிதே பக்கம் மணல் கரை, மலையும் தள்ளியிருப்பதால் மாலை வெயில் கடைசிவரை கிடைக்கும். ஆறு வயதுக் குழந்தையோடு இலையுதிர்காலத்தில் போனால் கிழக்குப் பக்கமே தங்குங்கள். அக்டோபர் 29 துருக்கியின் குடியரசு நாள், பொது விடுமுறை. உள்நாட்டுப் பயணிகள் நிறையப் பேர் இந்தக் கரைக்கு வருவார்கள். உங்கள் தேதி அதை ஒட்டி வந்தால் அறையை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.